நீல டிரம் மழையில் நனையக் கூடாது

விஷத்தைப் பற்றிக் கவலைப்பட நம் நாட்டில் ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஷத்தை எந்த டப்பாவில் அடைத்து அனுப்பலாம் என்று யோசிப்பதற்கென்றே காஞ்சிபுரத்தில் ஒரு வாரியம் இருக்கிறது. அபாயப் பொருள் சிப்பமிடல் வாரியம் என்று பெயர். சிப்பம் என்றால் வேறொன்றுமில்லை, பேக்கிங். மூன்று மாடி, லிஃப்ட், மாடிக்கு மாடி ஏசி. அங்கே வேலை செய்கிறவர்கள் இதுவரை ஒரு சொட்டு விஷத்தைக்கூட எங்கேயும் அனுப்பியதில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் தௌபீக். உத்திரமேரூர் பஜாரில் டிரம், பக்கெட், குடம் விற்கிறேன். டிரம் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம் பெரிசா சின்னதா, மூடி வேணுமா வேணாமா, அவ்வளவுதான். இதே கேள்வியைக் கேட்க அந்த வாரியத்துக்குக் குழு மேல் குழு தேவைப்பட்டது. அதில் ஒரு குழுவில் 'கொள்கலன் வணிகர் பிரதிநிதி' என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். நாலு டிரம் விற்கும் என்ற ஆசையில் நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாரியத்தின் கிடங்கு எங்கள் பக்கம் ஓணாந்தாங்கலில் இருக்கிறது. தடை செய்த பூச்சிமருந்து, காலாவதியான களைக்கொல்லி, எலி மருந்து என்று மாவட்டத்துக் கடைகளில் பிடித்ததையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து அடுக்கினார்கள். 'தற்காலிகக் கிடங்கு' என்று ஒரு போர்டும் வைத்தார்கள். போர்டு துருப்பிடித்து, எழுத்து உதிர்ந்து, கம்பம் மட்டும் நிற்கிறது. ஓணாந்தாங்கலில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். கிடங்கு எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிடங்குச் சுவருக்கும் காலனி அடிபம்புக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம் இருக்கும்.

அந்தப் பம்பில் தண்ணீர் பிடிக்கிறவள் திலகா. நடவு, களையெடுப்பு என்று எது கிடைத்தாலும் போவாள். புருஷன் டேனியல் மூட்டை தூக்குகிறார். ஒரே பெண் பிரிஸ்கில்லாவை ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் வளையல் போட்டுப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது என்று பேச்சு.

நான் கூட்டத்துக்குப் போகப்போவது தெரிந்து திலகா கடைக்கு வந்தாள்.

"பாய், கொடோன்ல கீற தகர டிரம்மெல்லாம் அடில துரு ஏறி ஒழுவுது. செவுத்துக்கு இந்தாண்ட ஈரம் வந்துகீது. பம்பாண்ட ஒரே நாத்தம். எம் பொண்ணு வரதுக்குள்ள அத்தெல்லாம் எடுத்துக்கினு போவச் சொல்லு. மாசமா கீற புள்ள அந்தத் தண்ணியத்தான குடிக்கணும்."

"நீயே வந்து சொல்லுக்கா. பொதுமக்கள் பிரதிநிதின்னு ஒரு சீட்டு காலியா கீதாம்" என்றேன்.

இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் பிரதிநிதிகள் ஆனோம்.

கூட்டத்துக்குத் தலைமை மண்டல இயக்குநர் தாமோதரன். தொண்டையைச் செருமினாலே பக்கத்தில் இருப்பவர் குறிப்பெடுக்கிற அளவுக்குப் பெரிய அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் கல்பனா மேடம், சிப்பத் தேர்வு நிபுணர். ஆளுக்கொரு தட்டில் முந்திரி.

"நண்பர்களே," என்று தாமோதரன் எழுந்தார். "பொருள் இன்று இருக்கும், நாளை போகும். சிப்பம்தான் நிலையானது. ஒரு நாடு எதைத் தயாரிக்கிறது என்பதை வைத்து அதன் நாகரிகத்தை அளக்காதீர்கள். எதில் வைத்து அனுப்புகிறது என்பதை வைத்து அளந்து பாருங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் திலகா எழுந்தாள்.

"சார், அது ஒழுவுது சார்."

தாமோதரன் கனிவாகச் சிரித்தார். "அருமையான பாயிண்ட். ஒழுகுவது பொருளின் குற்றமில்லை, சிப்பத்தின் குற்றம். அதற்காகத்தான் நாம் கூடியிருக்கிறோம். அம்மா சொன்னதைக் குறிப்பில் ஏற்றுங்கள்."

பிறகு கல்பனா மேடம் பேசினார். சில மருந்து இரும்பை அரிக்கும், சில மருந்து பிளாஸ்டிக்கை இளக்கும், கண்ணாடி உடையும், சாக்கு நனையும். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த டப்பாவையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

"உள்ள என்ன மேடம் இருக்கு?" என்றேன்.

"தெரியாது. லேபிள் எல்லாம் அழிந்துவிட்டது. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும்."

"அனுப்பிடலாமே."

"எதில் அனுப்புவது?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அபாயப் பொருளின் சாம்பிளை அதற்குப் பொருத்தமான சிப்பத்தில்தான் அனுப்பலாம். எது பொருத்தம் என்று தெரிய, அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். அது தெரிய, சாம்பிளை அனுப்ப வேண்டும்."

இப்படியொரு கஷ்டத்தைக் கண்டுபிடித்ததில் எல்லோருக்கும் சந்தோஷம் போலிருந்தது. சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள்.

நான் ஒரு டிரம்மை மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன். மேடம் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதில் ஒன்றும் எழுதவில்லையே?" என்றார். "தண்ணி பிடிக்கிற டிரம் மேடம், அதுல என்ன எழுதறது" என்றேன். "எழுதாத டிரம் டிரம்மே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வியாபாரம் அத்தோடு முடிந்தது.

கூட்டம் மாசாமாசம் நடந்தது. மாசாமாசம் திலகா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, எழுந்து நின்று அதே வார்த்தையைச் சொன்னாள். அவர்களும் சலிக்காமல் குறிப்பில் ஏற்றினார்கள். நடுவில் பிரிஸ்கில்லாவுக்கு வாந்தி நின்று வயிறு தெரிய ஆரம்பித்தது. கடைசியில், உள்ளே எது இருந்தாலும் தாங்குகிற மாதிரி, உலகத்திலேயே உயர்ந்த ரக டிரம்மை வாங்குவது என்று முடிவானது. நீல நிறம். தடித்த பிளாஸ்டிக். மூடியை இறுக்க இரும்பு வளையம். 'கடும் நஞ்சு' என்று சிவப்பு எழுத்தும் மண்டையோடும் போட்ட லேபிள் கம்பெனியிலேயே ஒட்டி வரும்.

வாங்குவதற்கு முன்னால் சோதனை. நிரப்பிய டிரம்மை உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஓணாந்தாங்கலில் கிடங்கு வாசலில் ஷாமியானா போட்டு, கிரேன் வரவழைத்து, நாயனம் வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். நிரப்பத் தண்ணீர் காலனிப் பம்பிலிருந்துதான் பிடித்தார்கள். அன்று காலனியில் யாரும் சோறு பொங்கவில்லை. டிரம் கீழே விழுந்து உடையாமல் துள்ளும்போதெல்லாம் அதிகாரிகள் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள். கீழே போட்ட டிரம்மை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு விதி இருந்ததால், தேறிய டிரம்களையெல்லாம் கழித்துவிட்டார்கள். தேறாத டிரம் ஒன்றும் இல்லாததால் அன்றைக்கு மிச்சம் எதுவும் இல்லை. மறுபடி ஆர்டர் போட்டார்கள்.

புரட்டாசிக் கடைசியில் புது டிரம்கள் லாரியில் வந்து இறங்கின. பூசணிக்காய் சுற்றி உடைத்து, ஒவ்வொரு டிரம்முக்கும் சந்தனம் வைத்தார்கள். திலகாவும் மற்ற பெண்களும் வேலைக்குக்கூடப் போகாமல் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "வாய்ல பேசினா வேல நடக்கும்னு இப்பதான் நம்பறேன் பாய்" என்றாள்.

அப்போதுதான் கல்பனா மேடம் கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். இந்த ரக டிரம்கள் மேல் வெயில் படக் கூடாது. மழை படக் கூடாது. வெயில் பட்டால் பிளாஸ்டிக் பலம் இழக்கும், மழை பட்டால் லேபிள் உரியும். ஆகவே கூரைக்குக் கீழேதான் வைக்க வேண்டும்.

கிடங்குக்குள் இடம் இல்லை. உள்ளே விஷம் இருந்தது.

இனி நடந்ததை நான் அப்படியே சொல்கிறேன். ஜோடித்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. தாமோதரன் கிடங்கைப் பார்த்தார், டிரம்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு, "பழைய சரக்கை எல்லாம் வெளியில் எடுத்துவிட்டு, புது டிரம்களை உள்ளே வையுங்கள்" என்றார்.

"சார்," என்றாள் திலகா. "வெளில வெச்சா மயைல நனையும் சார்."

"நனையட்டும் அம்மா. அந்த மருந்து ஏற்கெனவே கெட்டுப்போனது. அதற்கு இனிமேல் என்ன கெடப்போகிறது? இந்த டிரம் கெட்டுப்போனால் நான் பதில் சொல்ல வேண்டும்."

"அந்தப் புது டிரம்லயே மருந்த ஊத்திட்டா இன்னா சார்?"

"அதற்கு சாம்பிள் ரிசல்ட் வர வேண்டும். அதுவரை டிரம்மின் சீலை யாரும் தொடக் கூடாது."

காலனி ஆண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். கையுறையும் முகமூடியும் இருந்தன. டிரம்மோடு சேர்ந்து வந்த பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டிக்கும் சீல். டேனியலும் மற்றவர்களும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, அடி போன தகர டிரம்களை வெறுங்கையால் அணைத்துத் தூக்கி வந்து பம்புப் பக்கச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். அந்த இடத்தைக் காட்டியதும் தாமோதரன்தான். ரோட்டுப் பக்கம் வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்காதாம்.

சாயந்திரம் டேனியலுக்கு வாயில் எச்சில் ஊற்றியது. கண்மணி சுருங்கி, கை கால் உதறியது. என் மினி வேனில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எந்த மருந்து பட்டுது?" என்பதுதான். வாரியத்துக்கு போன் போட்டேன். கல்பனா மேடம்தான் எடுத்தார். "அதைத்தானே நாங்களும் தெரிந்துகொள்ள முயற்சி செய்கிறோம்" என்றார். டாக்டர் அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். டேனியல் பிழைத்து வந்தார். ஆனால் இன்றைக்கும் டம்ளரை இரண்டு கையால்தான் பிடிக்கிறார். மூட்டை தூக்குகிற வேலை போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்த கையுறையை எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

காவலாளி பச்சமுத்து காலனிக்காரர். அவருக்குப் புது உத்தரவு வந்தது. பகலும் இரவும் நீல டிரம்களைக் காவல் காக்க வேண்டும். வெளியில் இருப்பதைக் காக்கத் தேவையில்லை, அதை யாரும் திருட மாட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை என்றால் உங்களுக்குத் தெரியும், ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிகிற வரைக்கும் விடாது. தகர டிரம்கள் நனைந்து, இற்று, ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ கரைந்து பம்பைச் சுற்றித் தேங்கியது. அந்தத் தண்ணீரில் வாய் வைத்த ஆடுகள் அங்கேயே விழுந்தன. மழை விட்டபோது சுவரோரம் வெறும் துருத் தகரம்தான் கிடந்தது. பம்பை அடித்தால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

திலகா ஒரு காலிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனோம். பிரிஸ்கில்லாவுக்கு வளையல் போட அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

"இன்னா மேடம் இது பாரு. பம்புத் தண்ணி. டெஸ்ட் பண்ணி, குடிக்கலாமா கூடாதான்னு சொல்லு. எம் பொண்ணு புள்ள பெத்துக்க வரா" என்று பாட்டிலை மேசை மேல் வைத்தாள்.

கல்பனா மேடம் பாட்டிலைத் தொடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் மேல் இருந்ததைப் படித்தார்.

"இதை நான் வாங்க முடியாது. அங்கீகரித்த கொள்கலன் இல்லை. லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் உள்ளே இருப்பதாக நான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த லேபிளின்படி இது ஆரஞ்சு குளிர்பானம்."

"அப்ப நீ குடி மேடம்."

"டூட்டி நேரத்தில் நான் வெளியில் எதுவும் குடிப்பதில்லை."

"சரி, நீ சொல்ற டப்பாவ குடு. அதுல புடிச்சி எட்தாறேன்."

"அது கிடங்கில் இருக்கிறது. அபாயப் பொருளை அடைப்பதற்கு மட்டும்தான் அதன் சீலை உடைக்கலாம். இப்போது அடைக்க அபாயப் பொருள் எதுவும் இருப்பில் இல்லை."

பேச்சுச் சத்தம் கேட்டு தாமோதரன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "உங்களுக்கு இன்னும் தெரியாதா? ஓணாந்தாங்கல் கிடங்கின் நஞ்சு இருப்பு இன்றைய தேதியில் பூஜ்யம். ஒரு லாரி வாடகைகூட இல்லாமல் சாதித்திருக்கிறோம். அடுத்த செவ்வாய்க்கிழமை நிறைவு விழா. நீங்கள் இரண்டு பேரும் பிரதிநிதிகள், அவசியம் வர வேண்டும்."

"எங்க சார் போச்சி அது?" என்றாள் திலகா.

"அது வாரியத்தின் எல்லைக்குள் வராது அம்மா. எங்கள் எல்லை சிப்பத்தோடு முடிகிறது. சிப்பத்தில் இல்லாத பொருள், வாரியத்தைப் பொறுத்தவரை, உலகத்தில் இல்லை."

அவர் இதைத் திமிராகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற மாதிரி, அவள் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார். திலகா பாட்டிலை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பஸ் ஏறுகிற வரைக்கும் அழாமல் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு போன் வந்தது. "பாய், விழாக்குப் போவணும், வா" என்றாள். போனேன். காலனிப் பெண்கள் எல்லோரும் கிடங்கு வாசலில் நின்றார்கள். நடவுக்கு ஆள் ஏற்றிப்போகிற டிராக்டர் நின்றது. பச்சமுத்து சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "சாவி குடுக்க எனுக்கு ரூல் இல்ல. தூங்கக் கூடாதுன்னு எவனும் ரூல் போடல" என்று சொல்லி வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

நீல டிரம்களை டிரெய்லரில் ஏற்றினார்கள். சீலை உடைத்தார்கள். பெட்டியைத் திறந்து அந்தக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். குடம் குடமாகப் பம்புத் தண்ணீரை அடித்து டிரம்களில் ஊற்றி, மூடி போட்டு, வளையத்தை இறுக்கினார்கள். நானும் இறுக்கினேன். உண்மையிலேயே நல்ல டிரம்தான். ஒரு சொட்டு கசியவில்லை.

வழியில் வாலாஜாபாத் கூட்டுரோட்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்தார். மண்டையோட்டைப் பார்த்ததும் பத்தடி பின்னால் போய், போ போ என்று கையை ஆட்டினார். அவர் ஓட்டுநரின் லைசென்ஸைக்கூடக் கேட்கவில்லை.

வாரிய வாசலில் மேடை போட்டு விழா நடந்துகொண்டிருந்தது. தாமோதரன் மைக்கைப் பிடித்து, பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததே நம் நாடுதான் என்று பேசிக்கொண்டிருந்தார். டிராக்டர் நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றது. கல்பனா மேடம் எழுந்து நின்று லேபிளைப் படித்தார்.

"உள்ளே என்ன இருக்கிறது?"

"தண்ணி மேடம்" என்றாள் திலகா. "அன்னிக்கி பாட்டில்ல கொண்டாந்தனே, அதே தண்ணி."

"லேபிளில் கடும் நஞ்சு என்று இருக்கிறதே!"

"அத்த எயுதினது நாங்க இல்ல. இப்ப நீ சொன்ன டிரம்ல வந்துகீது. வாங்கிக்கோ."

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. மூன்று மாடியும் காலியாயிற்று. நாற்காலிகள் உருண்டன. யாரோ பூங்கொத்தை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தெருவின் இரண்டு முனையையும் கயிறு கட்டி மறித்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து தாமோதரன் மைக்கில், "பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம். சிப்பம் ஒழுகவில்லை. சிப்பம் ஒழுகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் சென்னையிலிருந்து சிவப்புக் கொடி கட்டிய லாரி வந்தது. தலை முதல் கால் வரை உடுப்பு மாட்டிய ஆட்கள் இறங்கி, டிரம்களைப் பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப்போனார்கள். சாம்பிள் கேட்கவில்லை. குழு கூடவில்லை. குறிப்பில் ஏற்றவில்லை. அவர்கள் வாசலுக்கு வந்த விஷம் அரை நாளில் போய்விட்டது.

டிரம் திருடிய கேஸுக்குப் போலீஸ் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது திலகா தாமோதரனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எங்க பம்ப இன்னா சார் பண்ணப்போற?"

"பம்பை எதற்கு?"

"அதே தண்ணிதான சார்."

அவர் நிதானமாக விளக்கினார். "புரிந்துகொள்ளுங்கள் அம்மா. டிரம்மில் இருந்தது அபாயப் பொருள், ஏனென்றால் அது அபாயப் பொருளுக்கான சிப்பத்தில் இருந்தது. பம்பில் இருப்பது சிப்பத்தில் இல்லை. அது வெறும் தண்ணீர்."

கையுறைப் பெட்டிக்குள் உபரி லேபிள்களும் இருந்தன; அதில் ஒன்றைத் திலகா எடுத்து வைத்திருந்தாள். அன்று வீடு திரும்பியதும் அதைக் கொண்டுபோய்ப் பம்பின் மேல் ஒட்டினாள். பிள்ளைகளாவது பார்த்துவிட்டுத் தள்ளிப் போகட்டும் என்று ஒட்டினாள்.

மறுநாளே வாரியத்தின் ஜீப் வந்துவிட்டது. நான் கேன் தண்ணீர் கொடுக்கப் போய் அங்கேதான் நின்றிருந்தேன். குடிக்க நான் கேனில் கொண்டுபோகிற தண்ணீர் ஒரு காலனிக்கு எந்த மூலைக்கு. ஜீப்பிலிருந்து ஆல்வின் என்கிற இளம் உதவியாளர் இறங்கினார். முழு உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. பம்பை நெருங்கி, லேபிளின் நான்கு முனையையும் மெதுவாக உரித்து, ஒரு பையில் போட்டு, பையை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைப் பூட்டினார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தார். "அங்கீகாரமற்ற லேபிள் அகற்றப்பட்டது. இந்த நீர் ஆதாரம் இனி பாதுகாப்பானது."

உடுப்புக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முகமூடியைக் கழற்றி மூச்சு வாங்கினார். திலகா பம்பை அடித்து ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்து நீட்டினாள். கோபமாகக்கூட நீட்டவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தாள்.

அவர் சொம்புக்குள் பார்த்தார். ஓரத்தில் நுரை ஒட்டியிருந்தது.

"வேணாம்க்கா" என்றார். ஜீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் குடிக்காதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஜீப் போன பிறகு திலகா என் போனை வாங்கி மகளுக்குப் பேசினாள்.

"பிரிஸ்கி, நீ வர வேணாம். அங்கயே இரு. வளையல அவங்க வூட்லயே போட்டுக்கலாம். புள்ளயயும் அங்கயே பெத்துக்கோ. நா இங்க இருந்து வந்து வந்து பாத்துக்கறேன். யார் இன்னா சொன்னாலும் சொல்லட்டும்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "தலச்சன் புள்ளைக்கு எந்த ஆத்தாளாவது வூட்டுக்கு வராதன்னு சொல்லுவாளாம்மா? நா இன்னாம்மா பண்ணேன்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

திலகா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மாடு கழுவவும் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் வேறு தண்ணீர் இல்லாததால், குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள்.